போட்ட அப்டேட் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

(ஜொகூர், குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டுத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)



உங்கள் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது என்று சொன்னார்கள். "புதிய அப்டேட் வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்" என்று அது கேட்கிறதாம். கிராணி ஏற்றுகிறார். அரை மணி நேரம் வட்டம் சுற்றுகிறது. வேலை முடிந்தது என்று அதுவே சொல்கிறது. மறுநாள் காலை பிரட்டு முடிந்து வந்து திறந்தால், அதே அப்டேட் வாசலில் வந்து நிற்கிறது. மறுபடியும் ஏற்றுகிறார். அதற்கு மறுநாளும் நிற்கிறது. கடன்காரனுக்குக்கூட ஒரு வாரம் தவணை சொல்லி அனுப்பிவிடலாம். இதை அனுப்ப வழியில்லை என்று கிராணி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

இது இந்த ஒரு தோட்டத்து வியாதி அல்ல. சிகாமட்டிலிருந்து கூலாய் வரை நான் போய்ப் பார்த்த ஆபீஸ்களில் பாதிக்கு மேல் இந்தப் புலம்பலைக் கேட்டிருக்கிறேன். உலகம் முழுவதும் இதே புலம்பல்தான்.

இங்கே முன் வரிசையில் இருக்கும் அம்மாமார்கள் சிலர், "இது கிராணி பாடு, மரத்தடியில் நிற்கும் எங்களுக்கு இதில் என்ன?" என்று நினைக்கலாம். ஒரு காலத்தில் அப்படிச் சொல்லலாம். செக்ரோல் என்பது பெரிய புத்தகமாக இருந்த காலத்தில், மை கொட்டினாலும் கரையான் அரித்தாலும் கண்ணுக்குத் தெரியும். இன்று உங்கள் பேர், உங்கள் நாள் கணக்கு, நீங்கள் கொண்டுவந்து நிறுத்த பால், கட்டிப்பால், உங்கள் இ.பி.எப்., சொக்சோ எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டப்படி ஒரு மாதத்துச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வரவேண்டும். 6-ஆம் தேதி அந்தப் பெட்டி "அப்டேட் ஏற்றுகிறேன், அணைக்காதே" என்று சொல்லிக்கொண்டு நின்றால் யார் வீட்டில் அரிசி வாங்குவது தள்ளிப் போகிறது? ஆகவே இது எல்லாருக்கும் சொந்தமான விஷயம்.

முதலில் அப்டேட் என்றால் என்ன என்று பார்ப்போம். கம்ப்யூட்டரை ஓட்டும் விண்டோஸ் என்ற சாப்ட்வேர் மனிதர்கள் எழுதியது. அதில் ஓட்டைகள் இருக்கும். ஓட்டை தெரிய வந்ததும் அதைச் செய்த மைக்ரோசாப்ட் கம்பெனி அடைப்பதற்கு ஒரு துண்டு அனுப்புகிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவிலிருந்து இந்தத் துண்டுகள் மொத்தமாகப் புறப்படும். 2003-ஆம் வருஷம் அக்டோபரில் இருந்து இதுதான் வழக்கம். அங்கே செவ்வாய்க் காலை என்றால் நமக்குப் புதன் விடியற்காலம். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் உண்டு. "கேபி" என்ற இரண்டு எழுத்தோடு தொடங்கும் எண். அந்த எண்ணை மறந்துவிடாதீர்கள், இன்றைய பேச்சு முழுவதும் அதைச் சுற்றித்தான்.

துண்டு வந்தபின் பெட்டி நான்கு காரியம் செய்ய வேண்டும். அதை இறக்கிக்கொள்ள வேண்டும். பிரித்து உள்ளே வைக்க வேண்டும். ஒரு தடவை முழுவதும் நின்று மறுபடி கிளம்ப வேண்டும், ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்துக்குப் பல் மாற்ற முடியாது. கடைசியாக, இன்ன எண் போட்டாயிற்று என்று தன் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த நான்கில் எது தவறினாலும் மறுநாள் அதே அப்டேட் வரும். பால் நிறுத்தாயிற்று, தொட்டியில் ஊற்றியாயிற்று, ஆனால் புத்தகத்தில் உங்கள் பேருக்கு நேரே எழுதவில்லை என்றால், மாதக் கடைசியில் நீங்கள் வேலைக்கு வராதவர்தானே? அதே கதைதான்.

ஆகவே அப்டேட் மறுபடியும் வந்தால் உடனே மறுபடியும் பொத்தானை அழுத்துவது வீண் வேலை. பத்துத் தடவை அழுத்தினால் பத்துத் தடவையும் அதே இடத்தில் தவறும். எந்தக் காரியத்தில் தவறியது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குச் 'செட்டிங்ஸ்' உள்ளே 'விண்டோஸ் அப்டேட்', அதற்குள் 'அப்டேட் ஹிஸ்டரி' என்று ஓர் இடம் இருக்கிறது. அதுதான் பெட்டியின் செக்ரோல். எந்த எண், எந்தத் தேதி, முடிந்ததா, தவறியதா என்று வரிசையாக எழுதியிருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் என்னைக் கூப்பிட்ட கிராணிமார்கள் பலர். திறந்து பார்த்தவுடனேயே பாதிப் பேருக்கு என் உதவி தேவைப்படாமல் போயிற்று.

எப்படி என்று சொல்கிறேன். ஒரு தோட்டத்தில் கிராணி மிகவும் கோபமாக இருந்தார். 'டிபெண்டர்' என்று எழுதிய ஓர் அப்டேட் இருபது நாளாக வருகிறதாம், தினமும் போடுகிறாராம். எண் என்ன என்று கேட்டேன். கேபி 2267602. ஹிஸ்டரியைத் திறந்தோம். இருபது வரியிலும் அதே எண். ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் 'வெர்ஷன்' என்று ஒரு நீள எண் இருந்தது. அது ஒவ்வொரு வரியிலும் வேறாக இருந்தது! டிபெண்டர் என்பது வைரஸ் பிடிக்கும் காவல்காரன். புதுப் புதுத் திருடர்களின் அடையாளங்களை அதற்குத் தினமும், சில நாள் பல தடவை, அனுப்புகிறார்கள். உறையின் மேலே எழுதிய எண் ஒன்றே. உள்ளே இருக்கும் கடிதம் ஒவ்வொரு தடவையும் வேறு. அது வந்துகொண்டே இருக்கத்தான் வேண்டும். ஒரு மாதம் அது வரவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும். இதற்கு வைத்தியம் எதுவும் தேவையில்லை.

அடுத்தது நம் தோட்ட ஆபீஸ்களுக்கு என்றே வந்த வியாதி. மாலை ஐந்து மணி ஆனதும் கிராணி கம்ப்யூட்டரை 'ஷட் டவுன்' செய்கிறார். பிறகு ஆபீஸ் பையன் சுவரில் உள்ள மெயின் சுவிட்சை இழுத்துவிடுகிறான். சிக்கனம் நல்லதுதான். ஆனால் அந்த ஷட் டவுனில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து 'பாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்றை வைத்தார்கள். மறுநாள் சீக்கிரம் கிளம்புவதற்காக, பெட்டி அணையும்போது முழுவதும் அணையாமல், தன் நினைவில் ஒரு பகுதியை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு படுக்கிறது. அணைந்ததுபோல் தெரியும், உள்ளபடி அது அரைத் தூக்கம். சில அப்டேட்டுகள் முழுவதும் நின்று கிளம்பினால்தான் உட்காரும். அரைத் தூக்கத்தில் உட்காராது. இதனால் அப்டேட் ஏறாமல் போகலாம் என்று மைக்ரோசாப்டே எழுதி வைத்திருக்கிறது. ஷட் டவுன் செய்து மறுநாள் திறப்பதும், 'ரீஸ்டார்ட்' செய்வதும் ஒன்று என்று நாம் நினைக்கிறோம். இரண்டும் வேறு. ரீஸ்டார்ட் என்றால்தான் பெட்டி முழுவதும் நின்று புதிதாகக் கிளம்பும்.

ஆகவே அப்டேட் போட்ட அன்று ஷட் டவுன் வேண்டாம். ரீஸ்டார்ட் கொடுங்கள். அது திரும்பி வந்து பேர் கேட்கும் வரை பக்கத்தில் இருங்கள். அதன் பிறகு அணையுங்கள், பிறகு மெயின் சுவிட்சை இழுங்கள். நடுவில் மின்சாரம் போனால், பெட்டி மறுபடி கிளம்பும்போது "செய்த மாற்றங்களைத் திருப்பிக்கொள்கிறேன்" என்று சொல்லி, பழைய நிலைக்கே போய்விடும். நம் பக்கம் மாலை வேளையில் இடி மின்னல் எப்படி என்று நான் சொல்லவேண்டியதில்லை. காலையில் போடுவதே உத்தமம். நிர்வாகம் மனது வைத்தால் 'யு.பி.எஸ்.' என்ற பேட்டரிப் பெட்டி ஒன்று வாங்கி வைக்கலாம். ஒரு மாதச் சம்பளக் கணக்கு அழிந்து போவதால் வரும் நஷ்டத்தை நினைத்தால் அது பெரிய செலவு அல்ல.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விண்டோஸ் 11-இல் 'அப்டேட் அண்ட் ஷட் டவுன்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அப்டேட் போட்டுவிட்டு அணைய வேண்டும். பல பேருக்கு அது அணையாமல் மறுபடி கிளம்பி, விடிய விடிய விளக்கெரிந்துகொண்டு இருந்தது. பேய் பிசாசு என்று பயந்தவர்கள்கூட உண்டு. அது பேயல்ல, சாப்ட்வேரில் இருந்த தவறுதான். 2025 அக்டோபர் கடைசியில்தான் அதைத் திருத்தினார்கள்.

இப்போது உலகமே கலங்கிய ஒரு சம்பவத்துக்கு வருகிறேன். 2024-ஆம் வருஷம் ஜனவரி 9-ஆம் தேதி கேபி 5034441 என்ற அப்டேட் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களுக்கு வந்தது. பெட்டியைத் திருடிக்கொண்டு போனவன் பூட்டிய தகவல்களைப் படிக்காமல் தடுப்பதற்காக வந்த துண்டு அது. நல்ல காரியம்தான். ஆனால் எண்ணற்ற பேருக்கு அது ஏறவில்லை. 80070643 என்று முடியும் ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு நின்றது. மறுநாள் மறுபடியும் வந்தது. மாதக்கணக்கில் வந்தது. மக்கள் விண்டோஸையே அழித்து மறுபடி போட்டார்கள், அப்போதும் வந்தது.

காரணம் என்ன? வட்டத்தட்டில் ஒரு மூலையைப் பெட்டி தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. 'ரெக்கவரி பார்ட்டிஷன்' என்று பேர். பெட்டி நோயில் விழுந்தால் எழுப்புவதற்கான மருந்துப் பெட்டி அந்த அறையில் இருக்கிறது. இந்த அப்டேட் அந்த மருந்துப் பெட்டியை மாற்ற வந்தது. அதற்கு அறையில் 250 மெகாபைட் காலி இடம் வேண்டும். பழைய கம்ப்யூட்டர்களில் அவ்வளவு இடம் இல்லை. லயத்து வாசல் வழியாக நுழையாத கட்டிலைத் தினமும் கொண்டுவந்து முட்டிவிட்டுப் போவதைப்போல, அது தினமும் வந்து முட்டிவிட்டுப் போயிற்று. இதைவிட மோசம், "இடம் போதவில்லை" என்று சொல்லவேண்டிய பெட்டி, வேறொரு தவறான பிழை எண்ணைக் காட்டியது. இந்தத் தவறை மைக்ரோசாப்டே ஒப்புக்கொண்டு எழுதியது. எண்ணைப் பார்த்த எவனுக்கும் இடக்குறை என்று தோன்றவில்லை. அந்த அறையைக் கையாலே பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்று கம்பெனி வழி எழுதிக் கொடுத்தது. தானாகச் சரி செய்ய முடியாது என்றும் அந்த வருஷமே சொல்லிவிட்டது. பிறகு ஆகஸ்டில் வேறோர் அப்டேட்டைக் கொண்டுவந்து இதை மாற்றியது. அந்த ரெக்கவரி அறையே இல்லாத கம்ப்யூட்டர்களுக்கும் இது வந்து தவறியது. அவர்களுக்கு இது தேவையே இல்லை, பிழையைக் கவனிக்காமல் விடலாம் என்று கம்பெனி பதில் சொன்னது.

கிராணிமார்கள் தங்கள் அறிவின்மீதே சந்தேகப்பட்டு உட்கார்ந்திருந்த காலம் அது. குறை உங்களிடம் இல்லை என்பதற்காகவே இவ்வளவு விஸ்தாரமாகச் சொன்னேன்.

அடுத்த வருஷம், 2025 ஏப்ரலில், இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. கேபி 5057589 என்ற அப்டேட் வந்தது. அதே 80070643 எண். தவறியது, தவறியது என்று பெட்டி சொல்லிக்கொண்டே இருந்தது. உண்மையில் ரீஸ்டார்ட் ஆனதும் அப்டேட் ஒழுங்காக ஏறியிருந்தது! புத்தகத்தில்தான் தவறாக எழுதியிருந்தது. மறுநாள் பெட்டி தானாகக் கணக்குப் பார்க்கும்போது அந்த வரி மறைந்துவிடும், அதுவரை பொறுங்கள் என்றார்கள். ஒரே பிழை எண், இரண்டு வேறு வியாதிகள். ஆகையால் பிழை எண்ணை மட்டும் பார்த்து மருந்து கொடுக்கக் கூடாது. கேபி எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கேபி எண்ணை இன்டர்நெட்டில் தேடினால் மைக்ரோசாப்டின் சொந்தப் பக்கம் வரும். அதில் 'தெரிந்த குறைகள்' என்று ஒரு பகுதி இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். வேறு எவனோ ஒருவன் "இந்தச் சாப்ட்வேரைப் போட்டால் எல்லாம் சரியாகும்" என்று கொடுப்பதைத் தொடாதீர்கள்.

இன்னொரு வகை, ஏற்கெனவே உள்ளே இருப்பதே புதியதற்குத் தடையாக நிற்பது. கேபி 5001716 அப்படிப்பட்டது. முன்பே போட்டிருந்தால் மறுபடி வரும்போது தவறும். 'ஆப்ஸ்' பட்டியலில் அந்த எண்ணைத் தேடி நீக்கிவிட்டு, மறுபடி அப்டேட் தேடச் சொன்னால் போதும்.

சில காரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் கடிகாரம் தப்பாக இருந்தால் அப்டேட் ஒழுங்காக வராது. பழைய பெட்டிக்குள் ஐம்பது காசு அளவுக்கு ஒரு வட்டப் பேட்டரி இருக்கிறது. அது செத்தால் தினமும் தேதி மாறும். மாற்றுவது சில வெள்ளி வேலை. அடுத்தது, பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறைகளிலும் சைபர் கடைகளிலும் 'டீப் பிரீஸ்' போன்ற சாப்ட்வேர் போட்டு வைப்பார்கள். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் பெட்டி பழைய நிலைக்கே போய்விடும். பிள்ளைகள் எதைக் கெடுத்தாலும் மறுநாள் சரியாகிவிடும்; ஆனால் போட்ட அப்டேட்டும் அதோடு போய்விடும். அதைத் தற்காலிகமாக நிறுத்தாமல் அங்கே எந்த அப்டேட்டும் தங்காது. இன்னொன்று, பிரிண்டருக்கும் ஒலிக்கும் படத்துக்கும் உள்ள 'டிரைவர்' அப்டேட். பெட்டி செய்த கம்பெனி ஒரு வெர்ஷனைப் போடும், விண்டோஸ் தன் வெர்ஷனைப் போடும், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கும். இரண்டு மண்டோர்கள் ஒரே ஆளுக்கு இரண்டு வேலை சொன்னால் என்ன ஆகும்? ஒருவரை வாயடைக்கத்தான் வேண்டும். பெட்டி செய்த கம்பெனியின் அப்டேட் வேலைக்காரனை நிறுத்தி வைத்துப் பாருங்கள்.

இவை எதுவுமே இல்லை, ஆனாலும் அப்டேட் திரும்ப வருகிறது என்றால், இறக்கி வைத்த துண்டே கெட்டுப் போயிருக்கலாம். விண்டோஸ் உள்ளே 'சாப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' என்ற ஒரு போல்டரில் துண்டுகளை இறக்கி வைக்கிறது. அங்கே கெட்ட சரக்கு இருந்தால், தினமும் அதையே எடுத்து ஏற்றப் பார்க்கும். 'டிரபிள்ஷூட்' என்ற இடத்தில் விண்டோஸ் அப்டேட்டுக்கு என்று ஒரு வைத்தியன் இருக்கிறான், முதலில் அவனை ஓடவிடுங்கள். சரியாகவில்லை என்றால், அப்டேட் வேலையை நிறுத்திவிட்டு அந்தப் போல்டரின் பேரை மாற்றிவிட்டு, மறுபடி வேலையைத் தொடங்கினால், பெட்டி புதிதாக ஒரு போல்டர் செய்து சுத்தமான சரக்கை இறக்கும். அதன் பிறகும் ஆகவில்லை என்றால், விண்டோஸின் உள்பாகங்களையே பழுது பார்க்கும் இரண்டு கட்டளைகள் உள்ளன: முதலில் 'டிஸ்ம்', அடுத்து 'எஸ்.எப்.சி.' இந்த வரிசையை மாற்றாதீர்கள், ஏனென்றால் முதலாவது கொண்டுவந்து வைக்கும் நல்ல பாகங்களிலிருந்துதான் இரண்டாவது எடுத்துப் போடுகிறது. கட்டளைகளின் எழுத்துகளைப் பலகையில் எழுதியிருக்கிறேன், கிராணிமார்கள் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தொடுவதற்கு முன் செக்ரோல் கணக்கை வெளியே ஒரு தட்டில் பிரதி எடுத்து வையுங்கள். பிரதி எடுக்காமல் தொட்டால் நான் பொறுப்பல்ல!

இப்போது சம்பளக் கணக்குச் சாப்ட்வேருக்கு வருகிறேன். பால்வெட்டும் சகோதரர்கள் இங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். விண்டோஸுக்கு அப்டேட் வருவதுபோல், அந்தக் கணக்குச் சாப்ட்வேருக்கும் அப்டேட் உண்டு. சட்டம் மாறும்போதெல்லாம் அது மாறவேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 வெள்ளி ஆயிற்று. 2025 பிப்ரவரி 1-ஆம் தேதியிலிருந்து, ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 1,700 வெள்ளி என்று ஆயிற்று. சொக்சோ கணக்கிடும் சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபரில் 5,000-இலிருந்து 6,000 வெள்ளியாக உயர்ந்தது. 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் முதலாளி 2 சதம், தொழிலாளி 2 சதம் என்று இ.பி.எப். கட்ட வேண்டும். பெட்டிக்குள் பழைய அட்டவணையே இருந்தால் என்ன நடக்கும்? பெட்டி குறைத்துக் கணக்குப் போடும். "கம்ப்யூட்டர் சொன்னது" என்று ஆபீஸில் சொல்வார்கள்.

இந்த வகைச் சாப்ட்வேர் "புதிய வெர்ஷன் இருக்கிறது" என்று தினமும் கேட்டால் அநேகமாக இரண்டு காரணங்களில் ஒன்று. பெட்டியில் அதிகாரம் உள்ள பேரில் நுழையாமல், சாதாரணப் பேரில் நுழைந்து அப்டேட் போட்டிருப்பார்கள். எழுதவேண்டிய இடத்தில் எழுத அனுமதி கிடைத்திருக்காது. அல்லது ஒரே பெட்டியில் இரண்டு பிரதிகள் இருக்கும். அப்டேட் ஒரு பிரதிக்குப் போகும். திரையில் கிராணி தினமும் அழுத்தும் சின்னம் இன்னொரு பழைய பிரதியைத் திறக்கும். ஆபீஸில் இரண்டு செக்ரோல் புத்தகம் வைத்துக்கொண்டு, புதியதில் எழுதிப் பழையதைப் பார்த்துச் சம்பளம் கொடுப்பதுபோல! அந்தச் சின்னத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தி, அது எந்த இடத்தைக் காட்டுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். பழைய பிரதியை அழிப்பதற்கு முன், இந்த மாதத்துக் கணக்கு எந்தப் பிரதியில் இருக்கிறது என்று சரிபாருங்கள். தொழிலாளர்களும் சம்பளச் சீட்டை மடித்துப் பையில் போடாமல் பாருங்கள். சட்டம் மாறிய மாதத்தில் உங்கள் சீட்டு மாறாமல் இருந்தால், மரியாதையாகக் கிராணியிடம் போய், "ஐயா, அப்டேட் ஏறியதா?" என்று கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் சங்கத்துக்கு வாருங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, அப்டேட்டையே நிறுத்திவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். 2017-ஆம் வருஷத்தை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். அந்த வருஷம் மார்ச் 14-ஆம் தேதி மைக்ரோசாப்ட் ஓர் ஓட்டைக்குத் துண்டு அனுப்பியது. மே 12-ஆம் தேதி, சரியாக இரண்டு மாதம் போகுமுன், 'வான்னாகிரை' என்ற கொள்ளைச் சாப்ட்வேர் அந்த ஓட்டை வழியாகவே நுழைந்தது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். துண்டு போட்டிருந்த கம்ப்யூட்டர்களில் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது. துண்டைப் போடாதவர்களில் எத்தனை பேர் "தொல்லை" என்று தள்ளி வைத்தவர்களோ! நம் தோட்டத்து ஆபீஸில் அது நுழைந்தால் பூட்டப்படுவது உங்கள் மாதக் கணக்கு.

எதிர்க் கேள்வியும் நியாயமானதுதான்: அப்டேட்டே கெடுத்தால்? கெடுத்தது உண்டு. 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற காவல் கம்பெனி அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. நம் நாட்டில் ஏர்ஏசியா பிரயாணிகளும் வரிசையில் நின்று தவித்தார்கள். ஆகவே வந்த நிமிஷமே போடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிறுத்துவது வேறு, நாள் பார்த்துப் போடுவது வேறு. விண்டோஸில் 'பாஸ்' என்ற பொத்தானால் ஒரு வாரம் தள்ளி வைக்கலாம். மாதாந்தரத் துண்டு வருவது இரண்டாவது செவ்வாய். நமக்கு அது 9-ஆம் தேதிக்கும் 15-ஆம் தேதிக்கும் நடுவில் வரும் புதன்கிழமை. சம்பளமோ 7-ஆம் தேதிக்குள் முடிந்திருக்கும். நாட்காட்டியே நமக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது! சம்பளம் முடிந்து, பிரதி எடுத்து, நாலைந்து நாள் பொறுத்து, ஒரு காலை வேளையில் போட்டு, ரீஸ்டார்ட் கொடுங்கள்.

பழைய விண்டோஸ் 10 பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு இலவசமாக மாதாமாதம் துண்டு வருவது 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் துண்டு நீட்டிக்கப்பட்டது. "எங்கள் பெட்டியில் இப்போதெல்லாம் அப்டேட் தொல்லையே இல்லை" என்று யாராவது சந்தோஷப்பட்டால், முதலில் அது எந்த விண்டோஸ் என்று பாருங்கள்.

கடைசியாகக் கைத்தொலைபேசி. இது கிராணிக்கும் பால்வெட்டுக்காரருக்கும் பொது. பிளே ஸ்டோரில் ஓர் ஆப்பை அப்டேட் செய்தபின்னும் 'அப்டேட்' என்றே காட்டினால், பெரும்பாலும் போனில் இடம் இல்லை. பழைய படங்களையும், வாட்ஸ்ஆப்பில் வந்து குவிந்த காலை வணக்க வீடியோக்களையும் அழியுங்கள். பிறகு பிளே ஸ்டோரின் 'கேஷ்' என்ற சேமிப்பைத் துடைத்துவிட்டுப் போனை அணைத்துத் திறங்கள். இவ்வளவே.

ஆனால் எச்சரிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. வாட்ஸ்ஆப்பிலோ குறுஞ்செய்தியிலோ, "உங்கள் பேங்கு ஆப் பழையதாகிவிட்டது, இதை அழுத்தி அப்டேட் செய்யுங்கள்" என்று திரும்பத் திரும்ப ஒரு செய்தி வரும். அழுத்தினால் 'ஏ.பி.கே.' என்ற ஒரு பைல் இறங்கும். "தெரியாத இடத்திலிருந்து வருவதை அனுமதிக்கவா?" என்று போன் கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டால், உங்கள் போனுக்கு வரும் ரகசிய எண்களை அந்த ஆப் திருடனுக்கு அனுப்பும். பேங்குக் கணக்கு துடைக்கப்படும். நம் நாட்டில் இப்படிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பல பேர். உண்மையான அப்டேட் பிளே ஸ்டோருக்குள்ளிருந்தோ போனின் செட்டிங்ஸுக்குள்ளிருந்தோதான் வரும். செய்தியில் வந்தால் அது அப்டேட் அல்ல. அதைச் சரிசெய்ய வழி தேட வேண்டாம், அனுப்பியவனைத் தடுத்துவிட்டுச் செய்தியை அழித்துவிடுங்கள். தெரியாமல் அழுத்திவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு இரவு முழுவதும் உட்கார்ந்திருக்காதீர்கள். போனின் இன்டர்நெட்டை உடனே அணையுங்கள். பக்கத்து வீட்டுப் போனை வாங்கி 997 என்ற எண்ணுக்கும் உங்கள் பேங்குக்கும் கூப்பிடுங்கள். நேரம் தாழ்த்தினால் பணம் கைமாறிக் கைமாறிப் போய்விடும்.

பலகையில் உள்ளதை எழுதி முடிக்காதவர்கள் எழுதிக்கொள்ளுங்கள், அழிக்காமல் வைத்திருக்கிறேன். பின் வரிசையில் ஓர் ஐயா நெடுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். ஐயா, கேளுங்கள்.